எல்லா ட்ரிப்பரையும் இறக்கியாச்சு, மீட்டர் லைட் மட்டும் விடாம மினுக்குது

2023 ஜூலை முதல் வாரம், ரீடிங் எடுத்துட்டு போன பிறகு ஃபோனுக்கு மெசேஜ் வந்துச்சு, கரண்ட் பில்லு 5450 ரூபாய். அதுக்கு முந்தின தடவை கட்டினது 1365. அப்பா ஃபோனை வாங்கி கண்ணாடியை மாட்டி ரெண்டு தடவை படிச்சுட்டு நேரா போய் ஃப்ரிட்ஜை முறைச்சாரு. அவருக்கு எந்த பில்லு கூடினாலும் ஃப்ரிட்ஜ் தான் குற்றவாளி. அம்மா சொன்னது ஏசி. என் பொண்ணு சொன்னது தாத்தா பார்க்கற டிவி. ஆளாளுக்கு ஒண்ணு சொல்லி அன்னைக்கு ராத்திரி வரைக்கும் அதே பேச்சு. கடைசில காரணம் இதுல எதுவுமே இல்ல, ஆனா அதை கண்டுபிடிக்க எங்களுக்கு 12 நாள் ஆச்சு, முறையா பார்த்திருந்தா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிருக்கும். அந்த முறையை தான் இங்க எழுதறேன்.

முதல்ல ரூபாயை பார்க்காதீங்க, யூனிட்டை பாருங்க. நம்ம தமிழ்நாட்டு பில்லு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை, 2023ல அதுல முதல் 100 யூனிட் ஃப்ரீ, அப்புறம் படிப்படியா ரேட் ஏறும், 500 தாண்டினா ஏற்கனவே கடந்து வந்த படியோட ரேட்டும் சேர்த்து மாறிடும். 2022 செப்டம்பர்ல வந்த ரேட்டுல கணக்கு போட்டா 500 யூனிட்டுக்கு 1725 ரூபாய், 510 யூனிட்டுக்கு 2030. வெறும் 10 யூனிட் கூட போனதுக்கு 305 ரூபாய். ரேட் அதுக்கப்புறம் மாறியிருக்கு, இப்ப என்ன ரேட்னு பார்த்துக்கோங்க. அதனால பில்லு நாலு மடங்கு ஆயிடுச்சுன்னா கரண்ட் நாலு மடங்கு போச்சுன்னு அர்த்தம் இல்ல. எங்க வீட்ல 440 யூனிட் 890 ஆச்சு, ரெண்டு மடங்கு தான், பணம் மட்டும் நாலு மடங்கு. 480ல இருந்தவங்க 530 போயிட்டு "எங்கயோ லீக் ஆகுது" ன்னு எலக்ட்ரீஷியனை கூப்பிடறதை பார்த்திருக்கேன், அது லீக் இல்ல, கோடைல ரெண்டு ஃபேன் ராத்திரி பகலா ஓடினது.

அடுத்து நாள் கணக்கு. போன தடவை எந்த தேதில எடுத்தாங்க, இந்த தடவை எந்த தேதி. 60 நாளுக்கு பதிலா 67 நாள் ஆயிருந்தா யூனிட்டு கூடத் தான் செய்யும். வெள்ளை கார்டுல எழுதியிருந்தா அதுலயே தேதி இருக்கும், இல்லன்னா சர்வீஸ் நம்பரை போட்டு ஈபி வெப்சைட்ல பழைய ரீடிங்கெல்லாம் பார்க்கலாம். அதோட போன வருஷம் இதே மாசத்தோட ஒப்பிடுங்க, தை மாசத்தோட அக்னி நட்சத்திரத்தை ஒப்பிட்டு பிரயோஜனம் இல்ல. வீடு பூட்டியிருந்து ரீடிங் எடுக்க முடியலன்னா பழைய கணக்கை வெச்சு ஒரு தொகை போட்டிருப்பாங்க, அடுத்த தடவை உண்மையான ரீடிங் வரும்போது அது சரிக்கட்டப்படும், அப்ப ஒரு குதி குதிக்கும். சமீபத்துல மீட்டர் மாத்தியிருந்தா பழைய மீட்டர் கடைசி ரீடிங், புது மீட்டர் ஆரம்ப ரீடிங் ரெண்டும் சரியா ஏறியிருக்கான்னு பாருங்க. இப்பவே மீட்டர்கிட்ட போய் டிஸ்ப்ளேயை ஒரு ஃபோட்டோ எடுங்க. டிஸ்ப்ளே மாறி மாறி தேதி, நேரம், வோல்டேஜ், எம்டின்னு நிறைய காட்டும், நமக்கு வேண்டியது கே.டபிள்யூ.எச் ன்னு வர்ற பெரிய நம்பர், புள்ளிக்கு பின்னாடி இருக்கறதை சேர்த்து படிச்சுடாதீங்க. பில்லுல இருக்கற ரீடிங்கை விட மீட்டர்ல குறைவா இருந்தா வேலை முடிஞ்சுது, ஃபோட்டோவோட செக்‌ஷன் ஆபீஸ் போங்க, இல்ல மின்னகம் 94987 94987க்கு கூப்பிடுங்க. எங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்ல, ரீடிங் சரியா தான் இருந்துச்சு.

இப்ப தினசரி கணக்கு. ஒரு வாரத்துக்கு காலைல 6 மணிக்கும் ராத்திரி 10 மணிக்கும் ரீடிங் எழுதுங்க. காலண்டர் தாள்லயே எழுதலாம். இதுல ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சா போதும், பகல்ல ஓடுதா ராத்திரில ஓடுதா. எங்க வீட்ல பகலுக்கு 6 யூனிட், ராத்திரிக்கு 9 யூனிட். ராத்திரி எங்க வீட்ல ஓடறது மூணு ஃபேன், ஃப்ரிட்ஜ், ஒரு நைட் லேம்ப், அவ்வளவு தான். எங்க வீட்டு ஏசியை போன வருஷத்துல இருந்தே ராத்திரில நாங்க போடறது இல்ல, அம்மாவுக்கு மூட்டு வலி. எப்படி கணக்கு போட்டாலும் 8 மணி நேரத்துக்கு 3 யூனிட்டை தாண்டக் கூடாது. அப்ப மிச்சம் 6 யூனிட் யாரு தின்னது? இந்த கேள்வி கைல கிடைச்ச பிறகு ஃப்ரிட்ஜ் மேல இருந்த சந்தேகம் பாதி போச்சு, ஏன்னா எவ்வளவு மோசமான ஃப்ரிட்ஜும் ராத்திரில மட்டும் 6 யூனிட் இழுக்காது.

அடுத்தது தான் முக்கியமான வேலை, மீட்டர்ல மினுக்கற சிவப்பு லைட். அதுக்கு பக்கத்துலயே 3200 இல்ல 1600ன்னு போட்டு இம்ப் பர் கே.டபிள்யூ.எச் ன்னு எழுதியிருக்கும். அதாவது அந்த லைட் 3200 தடவை மினுக்கினா ஒரு யூனிட். இதை வெச்சு இந்த நிமிஷம் வீடு எவ்வளவு வாட்ஸ் இழுக்குதுன்னு தெரிஞ்சுக்கலாம், தனியா எந்த கருவியும் வேண்டாம். ஃபோன்ல ஸ்டாப் வாட்ச் போட்டு 10 தடவை மினுக்க எத்தனை செகண்ட் ஆகுதுன்னு பாருங்க. 3200 மீட்டர்னா 11250ஐ அந்த செகண்டால வகுங்க, 1600 மீட்டர்னா 22500ஐ வகுங்க. 15 செகண்ட் ஆச்சுன்னா 3200 மீட்டர்ல 750 வாட்ஸ். வேற நம்பர் போட்டிருந்தா 36,00,000ஐ அந்த நம்பரால வகுத்து 10ஆல பெருக்கிக்கோங்க, அது உங்க மீட்டரோட எண். முதல் மினுக்கை பூஜ்யம்னு எண்ண ஆரம்பிங்க, ஒண்ணுன்னு ஆரம்பிச்சா கணக்கு தப்பும், நான் முதல் நாள் பூரா அப்படி தான் எண்ணினேன்.

கணக்கு பிடிபட்டதும் ட்ரிப்பர் எல்லாம் வரிசையா இருக்கற டிபி பாக்ஸுக்கு போங்க. வீட்ல யாராவது ஒருத்தரை மீட்டர்கிட்ட நிறுத்திட்டு எல்லா எம்சிபியையும், அதான் ட்ரிப்பர்னு சொல்றோமே, ஒண்ணொண்ணா இறக்குங்க. மெயினை விட்டுடுங்க, அது மேலயே இருக்கட்டும், இது ரொம்ப முக்கியம், காரணம் அப்புறம் சொல்றேன். இன்வெர்ட்டர் இருந்தா அதையும் ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா இருட்டாகாது, நீங்க ஆஃப் ஆயிடுச்சா இல்லையான்னு குழம்புவீங்க. எல்லாம் இறக்கின பிறகு மீட்டர் லைட்டு மினுக்கக் கூடாது. ஒரு 15 நிமிஷம் பொறுமையா பாருங்க. சில மீட்டர்ல லோடு இல்லாதப்ப அந்த லைட் மினுக்காம நிலையா எரியும், அதை பார்த்து பயப்பட வேண்டாம்.

மினுக்கறது நின்னுடுச்சுன்னா நல்லது, கோளாறு ஏதோ ஒரு சாமான்ல தான். ஒவ்வொரு ட்ரிப்பரா மேல தூக்கி 10 மினுக்கை எண்ணி எழுதிக்கோங்க. எந்த ட்ரிப்பரை தூக்கும்போது நீங்க எதிர்பார்க்காத அளவு வாட்ஸ் வருதோ அந்த லைன்ல இருக்கற ப்ளக்கை ஒண்ணொண்ணா புடுங்கி பார்க்க வேண்டியது தான். பெரும்பாலும் மாட்டறது இந்த நாலஞ்சு சாமான்ல ஒண்ணா இருக்கும்.

இன்வெர்ட்டரை யாருமே சந்தேகப்படறது இல்ல, ஆனா நான் பார்த்த வீடுகள்ல அதிகமா மாட்டினது இது தான். பேட்டரி பழசானா சார்ஜ் ஏறவே ஏறாது, சார்ஜர் விடாம தள்ளிக்கிட்டே இருக்கும், பேட்டரி சூடா இருக்கும், டிஸ்டில் வாட்டர் அடிக்கடி குறையும். ஒரு 100 வாட்ஸ் இப்படி ராத்திரி பகலா போனா நாளுக்கு 2.4 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 144 யூனிட், 400ல இருக்கற வீட்டை 500க்கு மேல தள்ள அது தாராளம். டெஸ்ட் பண்றது எப்படின்னா, ஒரு நாள் பூரா கரண்ட் போகாம இருந்த பிறகு, இன்வெர்ட்டர் லைன்ல இருக்கற ஃபேன் லைட் எல்லாத்தையும் நிறுத்திட்டு இன்வெர்ட்டருக்கு போற மெயின் ப்ளக்கை போட்டு ஒரு தடவை, எடுத்து ஒரு தடவை மினுக்கை எண்ணுங்க. ஃபேனை நிறுத்தாம பண்ணினா ஃபேன் லோடும் பேட்டரிக்கு மாறி கணக்கு தப்பாயிடும். ரெண்டுக்கும் வித்தியாசம் 20, 30 வாட்ஸ்னா சரி, 100ஐ தாண்டினா பேட்டரி கடைக்காரரை பார்க்க வேண்டிய நேரம்.

மோட்டார்ல கோளாறுன்னா அது மோட்டார்ல இல்லாம தண்ணில இருக்கும். பாத்ரூம் ஃப்ளஷ் டேங்க்ல வாஷர் போயி சன்னமா ஒழுகிக்கிட்டே இருக்கும், கண்ணுக்கு தெரியாது, மேல இருக்கற டேங்க் காலியாகும், ஒரு நாளைக்கு ஒரு தடவை போட்ட மோட்டாரை மூணு தடவை போடுவீங்க, ஒரு ஹெச்பி மோட்டார் மணிக்கு ஒரு யூனிட் பக்கம் இழுக்கும். துணிக்கு போடற நீலம் ரெண்டு சொட்டு ஃப்ளஷ் டேங்க்ல விட்டு ஒரு மணி நேரம் யாரும் போகாம வெச்சிருங்க, கோப்பைல நீலம் இறங்கியிருந்தா ஒழுகுதுன்னு அர்த்தம். ராத்திரி படுக்கும்போது மேல் டேங்க் மட்டத்தை குச்சி விட்டு அளந்து காலைல திரும்ப அளந்தாலும் தெரிஞ்சிடும். கிணத்து மோட்டார்னா பைப்போட அடில தண்ணி திரும்ப இறங்காம பிடிக்கற ஃபுட் வால்வை பாருங்க, ஒவ்வொரு தடவையும் தண்ணி ஊத்தி தான் மோட்டாரை எடுக்க வேண்டியிருந்தா அது போயிடுச்சு. கோடைல நீர்மட்டம் இறங்கினா அதே டேங்க் நிரம்ப முன்னை விட நேரம் கூட ஆகும், அதுக்கு யாரும் ஒண்ணும் பண்ண முடியாது, நேரத்தை மட்டும் குறிச்சு வெச்சுக்கோங்க.

கீசர் 2000 வாட்ஸ், அரை மணி நேரத்துக்கு ஒரு யூனிட். ஸ்விட்ச் பாத்ரூமுக்கு வெளில இருந்தா மறந்து போறது சகஜம், தெர்மோஸ்டாட் நல்லா இருந்தா சூடானதும் கட் ஆகும், சும்மா சூட்டை காப்பாத்தறதுக்கே தினம் ஒரு யூனிட் பக்கம் போகும். தெர்மோஸ்டாட் போச்சுன்னா இண்டிகேட்டர் அணையவே அணையாது, தண்ணி கொதிக்கற மாதிரி சத்தம் வரும், அப்படி இருந்தா பில்லை விடுங்க, உடனே ஆஃப் பண்ணி ஆளை கூப்பிடுங்க, அது ஆபத்து.

ஃப்ரிட்ஜுக்கு எங்கப்பாவுக்காக ஒரு பத்தி. கதவுல ஒரு ரூபாய் நோட்டை வெச்சு மூடி இழுங்க, சுலபமா உருவிக்கிட்டு வந்தா கதவோர ரப்பர், அதான் கேஸ்கெட், போச்சு. நாலு பக்கமும் பாருங்க. கம்ப்ரசர் நிக்காம ஓடுதான்னு காதால கேட்கறது பழைய ஃப்ரிட்ஜுக்கு சரி, இன்வெர்ட்டர் கம்ப்ரசர்னா அது மெதுவா நாள் பூரா ஓடற மாதிரி தான் செஞ்சிருக்காங்க, அதனால மினுக்கை எண்ணினா தான் தெரியும். ஸ்டார் ஸ்டிக்கர்ல வருஷத்துக்கு இத்தனை யூனிட்னு போட்டிருக்கும், 365ஆல வகுத்தா நாள் கணக்கு வரும், நம்ம ஊர் வெயிலுக்கு அதை விட கொஞ்சம் கூட தான் போகும். ரெண்டு மடங்கு போனா மெக்கானிக். கூலிங் கண்ட்ரோலை கோடைல ஃபுல்லா திருப்பிட்டு மழைக்காலத்துலயும் அப்படியே விட்டிருந்தா அதையும் குறைங்க.

ஏசில ஃபில்டர் அழுக்கு, வெளி யூனிட்ல தூசி, இல்ல கேஸ் குறைஞ்சு கம்ப்ரசர் கட் ஆகாமலே ஓடறது. 24ல வெச்சு ஒரு மணி நேரமாகியும் கம்ப்ரசர் ஒரு தடவை கூட நிக்கலன்னா சர்வீஸ் பண்ணுங்க, இது இன்வெர்ட்டர் கம்ப்ரசர் இல்லாத ஏசிக்கு. ஒன்றரை டன் பழைய ஏசி கம்ப்ரசர் ஓடும்போது மணிக்கு ஒன்றரை யூனிட் தின்னும்.

ஃபேனை எல்லாரும் சின்ன விஷயம்னு விட்டுடறாங்க. பழைய ஃபேன் 75 வாட்ஸ், நாலு ஃபேன் நாளைக்கு 16 மணி நேரம் ஓடினா 4.8 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 288. பிஎல்டிசி ஃபேன் 30 வாட்ஸ், அதே ஓட்டத்துக்கு 115. இது கோளாறு இல்ல, ஆனா கோளாறு தேடப்போன நிறைய பேர் கடைசில வந்து நிக்கற இடம் இது. செல்ஃபோன் சார்ஜரை ப்ளக்ல இருந்து எடுன்னு வீட்ல சண்டை போடறாங்களே, அதை விட்டுடுங்க, அதுல ஒண்ணும் இல்ல. செட் டாப் பாக்ஸ் 10 வாட்ஸ், நாள் பூரா போட்டு விட்டா ரெண்டு மாசத்துக்கு 14 யூனிட், அவ்வளவு தான் அதோட பங்கு.

சரி, இப்ப எங்க வீட்டு கதைக்கு வர்றேன். எல்லா ட்ரிப்பரையும் இறக்கியாச்சு, இன்வெர்ட்டர் ஆஃப், வீடு கும்மிருட்டு, பொண்ணு மீட்டர்கிட்ட நின்னுக்கிட்டு "அப்பா இன்னும் மினுக்குது" ங்கறா. நான் நம்பல, வெளில வந்து பார்த்தேன், 10 மினுக்குக்கு 14 செகண்ட். 800 வாட்ஸ். ஒரு சாமானும் ஓடாத வீட்ல 800 வாட்ஸ். மெயினை இறக்கினேன், நின்னுடுச்சு. மெயினை தூக்கினேன், ட்ரிப்பர் எல்லாம் கீழ தான் இருக்கு, திரும்ப மினுக்க ஆரம்பிச்சுது. யாரோ நம்ம லைன்ல கொக்கி போட்டு இழுக்கறாங்கன்னு அப்பா முடிவே பண்ணிட்டாரு, பக்கத்து காலி மனைல கட்டட வேலை வேற நடந்துக்கிட்டு இருந்துச்சு, அவங்ககிட்ட சண்டைக்கே போயிருப்பாரு, நான் தான் பிடிச்சு வெச்சேன்.

இங்க தான் ட்ரிப்பருக்கும் மெயினுக்கும் இருக்கற வித்தியாசத்தை புரிஞ்சுக்கணும். பேஸ்னா கரண்ட் வீட்டுக்குள்ள வர்ற வயர், நியூட்ரல்னா அது திரும்பிப் போற வயர். சாதாரண சிங்கிள் எம்சிபி பேஸை மட்டும் தான் வெட்டும், நியூட்ரல் எப்பவும் சேர்ந்தே இருக்கும். மெயின் டபுள் போல், அது பேஸ் நியூட்ரல் ரெண்டையும் வெட்டும். ட்ரிப்பர் எல்லாம் இறங்கியும் மினுக்குது, மெயினை இறக்கினா நிக்குதுன்னா ரெண்டுல ஒண்ணு. மெயினுக்கும் ட்ரிப்பருக்கும் நடுவுல யாரோ லைன் எடுத்திருக்காங்க, இல்லன்னா நியூட்ரல் வழியா வெளி கரண்ட் வருது. மெயினையும் இறக்கின பிறகும் மினுக்கினா மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவுல பிரச்சனை, இல்ல மீட்டரே பிரச்சனை, அப்ப நீங்க எதையும் தொடாம ஈபி ஆளை தான் கூப்பிடணும்.

நியூட்ரல்ல கரண்ட் வந்தா மீட்டர் ஏன் எண்ணணும்? நம்ம நாட்டு சிங்கிள் பேஸ் எலக்ட்ரானிக் மீட்டர் பேஸ்ல போற கரண்டையும் நியூட்ரல்ல திரும்பற கரண்டையும் தனித்தனியா பார்க்கும். ரெண்டும் சமமா இருக்கணும். இல்லன்னா எது அதிகமோ அதை வெச்சு யூனிட் போடும், எர்த் ன்னு இல்லன்னா ஆங்கில இ எழுத்து போட்ட ஒரு குட்டி லைட்டும் எரியும். நியூட்ரலை கழட்டிட்டு எர்த்ல லோடு ஓட்டி திருடறவங்களை பிடிக்க செஞ்ச ஏற்பாடு இது. ஆனா திருடாத நம்மளும் இதுல மாட்டிக்குவோம். எங்க மீட்டர்ல அந்த லைட் எரிஞ்சுக்கிட்டே தான் இருந்துச்சு, ரெண்டு மாசமா தினமும் அதை தாண்டி தான் போயிருக்கேன், ஏதோ பவர் இருக்கறதுக்கு அடையாளம்னு நினைச்சுக்கிட்டேன்.

அந்த லைட் எரிஞ்சா காரணம் ரெண்டு. ஒண்ணு எர்த் லீக்கேஜ், அதாவது கீசர் எலிமெண்ட் ஓட்டையாகி, போர் மோட்டார் கேபிள் உரிஞ்சு, ஈரச் சுவர்ல வயர் கசிஞ்சு கரண்ட் மண்ணுக்கு போறது. ஆனா பேஸை வெட்டினதும் இது நின்னுடும். ட்ரிப்பர் இறக்கியும் நிக்காததால எங்களுக்கு இது இல்ல. ரெண்டாவது, வேற ஒரு சர்வீஸோட நியூட்ரல் நம்ம நியூட்ரலோட எங்கயோ சேர்ந்திருக்கறது.

நான் யோசிச்சுக்கிட்டு நிக்கும்போதே மினுக்கு திடீர்னு குறைஞ்சுது. கொஞ்ச நேரத்துல திரும்ப வேகமாச்சு. அதே சமயம் மாடில ஏசி வெளி யூனிட் ர்ருனு ஆரம்பிக்கற சத்தம். மாடி வாடகைக்கு விட்டிருக்கோம், அவங்களுக்கு தனி சர்வீஸ், தனி மீட்டர். மாடில இருக்கற தம்பிக்கு ஃபோன் பண்ணி, "தம்பி ஒரு அஞ்சு நிமிஷம் ஏசியை ஆஃப் பண்ணுங்களேன்" ன்னேன். "ஏன்ணே, டிரிப் ஆகுதா?" ன்னு கேட்டுக்கிட்டே ஆஃப் பண்ணாரு. எங்க மீட்டர் கிட்டத்தட்ட அடங்கிடுச்சு. அவங்க ஃபேன் ஃப்ரிட்ஜுக்கு மட்டும் எப்பவாவது ஒரு மினுக்கு. இருட்டுல நின்ன எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.

அவர் பண்ணின தப்பு ஒண்ணும் இல்ல. மார்ச் மாசம் மோட்டாருக்கு ஒரு சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் போட்டோம், ஒரு மாசம் மோட்டார் எங்க மீட்டர்ல, ஒரு மாசம் அவங்க மீட்டர்ல ஓடட்டும்னு பேச்சு. வந்த எலக்ட்ரீஷியன் பேஸை மட்டும் ஸ்விட்ச்ல மாத்தி விட்டுட்டு, ரெண்டு வீட்டு நியூட்ரலையும் மோட்டார் நியூட்ரலோட ஒண்ணா முறுக்கி ஒரே கனெக்டர்ல சொருகிட்டாரு. வேலை செய்யும், மோட்டார் ஓடும், யாருக்கும் ஒண்ணும் தெரியாது. ஆனா அன்னைல இருந்து மாடி வீட்டு கரண்ட் திரும்பிப் போக ரெண்டு வழி, பாதி அவங்க நியூட்ரல்ல, பாதி எங்க நியூட்ரல்ல. எங்க மீட்டர் அந்த பாதியை எங்க கணக்குல எழுதிடும். ஏப்ரல் கடைசில அவங்க ஏசி வாங்கினாங்க, அதுக்கப்புறம் தான் எங்க பில்லு பறந்துச்சு. இதுல வேடிக்கை என்னன்னா அவங்க மீட்டர் பேஸை பார்த்து முழுசா எண்ணிடும், அதனால அவங்க பில்லு ஒரு பைசா குறையல. ரெண்டு வீடும் சேர்ந்து உண்மையா எரிச்சதை விட கூடுதலா கட்டியிருக்கோம்.

இதுல எனக்கு இன்னும் வயித்தெரிச்சல் என்னன்னா, வீட்ல ஏற்கனவே ஈஎல்சிபி, அதான் கரண்ட் கசிஞ்சா லைனை வெட்டற சாமான், இருந்துச்சு. சேஞ்ச் ஓவர் போட்ட அன்னைக்கே அது டப்புனு விழுந்துச்சு, தூக்கினா திரும்ப விழுந்துச்சு. பேஸும் நியூட்ரலும் சமமா இல்லன்னா விழறது தானே அதோட வேலை. அந்த எலக்ட்ரீஷியன் "இது பழசாயிடுச்சுண்ணே, சும்மா சும்மா ட்ரிப் ஆகும்" ன்னு சொல்லி அதை விட்டுட்டு டைரக்ட் பண்ணிட்டு போனாரு. நானும் சரின்னு தலையாட்டினேன். உங்க வீட்ல ஈஎல்சிபி, ஆர்சிசிபி எதுவா இருந்தாலும் அடிக்கடி விழுதுன்னா அதை டைரக்ட் பண்ண விடாதீங்க. பில்லு ஒரு பக்கம், அது உயிரை காப்பாத்தற சாமான். அது ஏன் விழுதுன்னு கண்டுபிடிக்காத ஆளை மாத்துங்க.

வேற எலக்ட்ரீஷியன் வந்தாரு, வயசானவர், கிளாம்ப் மீட்டர் வெச்சிருந்தாரு, வயரை வெட்டாம வளையத்துக்குள்ள விட்டே கரண்டை அளக்கற கருவி. மெயினுக்கு அப்புறம் வர்ற பேஸ் நியூட்ரல் ரெண்டு வயரையும் ஒண்ணா சேர்த்து கிளாம்ப்புக்குள்ள விட்டாரு, பூஜ்யம் காட்டணும், 3.4 ஆம்பியர் காட்டுச்சு. "நியூட்ரல் எங்கயோ பின்னியிருக்கு சார்" ன்னாரு, நான் சொல்றதுக்கு முன்னாடியே. கிளாம்ப் மீட்டர் இல்லாத எலக்ட்ரீஷியனை இந்த மாதிரி வேலைக்கு கூப்பிடாதீங்கன்னு அன்னைக்கு தான் தெரிஞ்சுக்கிட்டேன். பேஸ் நியூட்ரல் ரெண்டையும் சேர்த்து மாத்தற டபுள் போல் சேஞ்ச் ஓவர் போட்டு, ரெண்டு நியூட்ரலையும் பிரிச்சு, ஈஎல்சிபியை திரும்ப கனெக்‌ஷன்ல கொண்டு வந்தாரு. விழல. பழசாயிடுச்சுன்னு சொன்ன அதே ஈஎல்சிபி.

இது மாதிரி நியூட்ரல் பின்னிக்கற இடம் மோட்டார் மட்டும் இல்ல. மாடிப்படி லைட்டுக்கு ரெண்டு வீட்ல இருந்தும் லைன் எடுத்திருந்தா அங்க பாருங்க, ஒரே வீட்டை ரெண்டு போர்ஷனா பிரிச்சு புதுசா சர்வீஸ் வாங்கியிருந்தா பழைய ஜங்ஷன் பாக்ஸ்ல பாருங்க, ஒரு இன்வெர்ட்டர்ல இருந்து ரெண்டு வீட்டுக்கும் லைன் குடுத்திருந்தா அங்க கண்டிப்பா பாருங்க. நீங்களா பாக்ஸை திறந்து வயரை இழுக்காதீங்க, எண்ணறது எழுதறது ஆஃப் பண்றது வரைக்கும் நம்ம வேலை, வயரை தொடறது அவங்க வேலை. மீட்டர் சீலையும் ஈபி ஃப்யூஸ் கட்டையையும் யாரும் தொடக் கூடாது.

வாடகை வீட்ல இருக்கறவங்க ஒண்ணு பண்ணுங்க. உங்க மெயினை இறக்கிட்டு வெளில போய் எது அணைஞ்சிருக்குன்னு ஒரு சுத்து சுத்திப் பாருங்க. காம்பவுண்ட் லைட், படிக்கட்டு லைட், ஓனர் வீட்டு மோட்டார் எல்லாம் உங்க மீட்டர்ல ஓடறது ரொம்ப சாதாரணம், பல சமயம் ஓனருக்கே தெரியாது, வீடு கட்டின காலத்துல போட்ட லைன். சப் மீட்டர் வெச்சிருந்தா அதோட ரீடிங்கையும் மெயின் மீட்டரையும் ஒரே நாள்ல எழுதி ஒரு வாரத்துக்கு ஒப்பிடுங்க.

எல்லாம் பார்த்து எதுவுமே கிடைக்கலன்னா மட்டும் மீட்டரை சந்தேகப்படுங்க. முதல்ல நீங்களே ஒரு சின்ன சோதனை பண்ணலாம், எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு வாட்ஸ் நல்லா தெரிஞ்ச ஒரே ஒரு சாமானை மட்டும் போடுங்க, 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸ் இல்ல வாட்டர் ஹீட்டர் ராடு. 3200 மீட்டர்ல 10 மினுக்குக்கு 11 செகண்ட் பக்கம் வரணும். வோல்டேஜ் கூட குறைய இருந்தா கொஞ்சம் மாறும், அது பரவாயில்ல. அயர்ன் பாக்ஸ் சூடாகி தானா கட் ஆகறதுக்குள்ள எண்ணி முடிச்சிடுங்க. 6 செகண்ட்ல 10 தடவை மினுக்கினா செக்‌ஷன் ஆபீஸ்ல எழுதிக் குடுத்து கட்டணம் கட்டுங்க, டெஸ்ட் பண்ணுவாங்க. எழுதிக் குடுக்கும்போது உங்க ஒரு வார ரீடிங் தாளோட ஒரு காப்பியை சேர்த்து வைங்க, வெறும் வாயால "பில்லு ஜாஸ்தி சார்" ன்னு சொல்றதை விட அதுக்கு மதிப்பு அதிகம். அது வரைக்கும் வந்த பில்லை கட்டாம வெச்சிருக்காதீங்க, ஃப்யூஸை புடுங்கிட்டா அப்புறம் டெஸ்ட் பண்ண கரண்டே இருக்காது.

எங்க வீட்ல செப்டம்பர் முதல் வாரம் எடுத்த ரீடிங் 471 யூனிட், ஜூலைல ரெண்டு வாரம் பழைய கணக்குல ஓடினதும் அதுக்குள்ள தான். அப்பா இன்னும் தினமும் காலைல 6 மணிக்கு காலண்டர்ல ரீடிங் எழுதறாரு. எழுதி முடிச்சுட்டு வந்து ஃப்ரிட்ஜ் கதவு சரியா மூடியிருக்கான்னு ஒரு தடவை அழுத்திப் பார்ப்பாரு.